ஏட்டில் ஒரு திருத்தம்

அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் எங்காவது தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. மனைவியும் மூன்று பூனைகளுமாகக் கால்வாயில் படகோட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு மதகிலும் கதவை மூடி, தண்ணீரை வடித்து, படகைக் கீழே இறக்குவார்கள். அதற்குமுன் மதகுக்காரர் மேலே நின்று எண்ணி ஏட்டில் எழுதிக்கொள்வார்.

“ஆள் ரெண்டு, பூனை நாலு” என்றார் முதல் மதகுக்காரர்.

“மூணுதாங்க.”

“நாலு தெரியுதே.”

“என் பூனை எத்தனைன்னு எனக்குத் தெரியாதா? அடிச்சிட்டு எழுதுங்க.”

அவர் அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். படகு இறங்கிக் கதவு திறந்தபோது இரண்டு பூனைகள்தான் இருந்தன. இருபுறமும் மூன்றாள் உயரச் சுவர், வழவழவென்று பாசி. தண்ணீரில் எதுவும் விழவில்லை. செம்பட்டைப் பூனை படுத்திருந்த சாக்கு மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

அடுத்த மதகில் வேறொருவர். குனிந்து நிதானமாக எண்ணினார்.

“பூனை மூணு, ஆள் மூணு. சரிதானே?”

வழியில் ஆளோ பூனையோ எதுவும் ஏறவில்லை. பிழை திருத்துபவர் வாயைத் திறந்தார். மனைவி அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“சரிதாங்க” என்றார்.

அவள் உள்ளே போய் மூன்று கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள்.