அடுக்களை பாக்கி

தூத்துக்குடியின் வரலாற்றை அழிவிலிருந்து மீட்கும் மாபெரும் நடைப்பயணம், ஞாயிறு பூசைக்குப் பின், காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டு பேர், நான்கு கேமரா, ஒரு டிரோன்.

பெரிய மாதா கோயிலுக்குப் பின்தெருவில் பிளாரன்ஸ் வீட்டைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். சாலையை அகலப்படுத்த அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள். வேண்டாமென்று அவள் மாநகராட்சியில் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை.

"படம் வந்துட்டா இடிக்க மாட்டாவல்லா, தம்பி?"

"உலகமே பாக்கும்க்கா," என்றான் குழுத்தலைவன் அபிலாஷ். கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனாலும் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

"கதவ மூடித் திறங்க. கீச்சுன்னு கேக்குமே, அந்தச் சத்தம் வேணும்."

"நீங்க வாரியன்னு நேத்துதான் எண்ணெய் விட்டேன்."

"கெடுத்துட்டீங்களேக்கா!"

ஜன்னல்தான் கீச்சிட்டு மானத்தைக் காப்பாற்றியது.

தாத்தா முத்துக்குளிக்கப் பிடித்து இறங்கிய கல், மாதா சுரூபம், சுவர் விரிசல் எல்லாம் கேமராவுக்குள் போயின. அபிலாஷ் கிளம்பினான்.

"அடுக்களைய விட்டுட்டியளே!"

"போதும்க்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும்."

"அதெப்படி? முழுசா எடுக்கணும்லா!" கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அடுக்களையும் முடிந்தது. 'வீடு முழுவதும் பதிவு செய்யப்பட்டது' என்ற தாளில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

காலையிலிருந்து கூட்டத்தோடு நடந்து, அவளிடம் இரண்டு டம்ளர் மோரும் வாங்கிக் குடித்த தொப்பிக்காரர், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கவரை நீட்டினார்.

"மாநகராட்சியிலருந்து வாறேன். ஒங்க மனுவுக்குப் பதில்மா."

பிரித்து வாசித்தாள். "வரலாற்று முக்கியத்துவம் கருதி, முழுமையாகப் பதிவு செய்த பிறகே வீடு இடிக்கப்படும்."

மறுநாள் இடித்தார்கள்.