கூடாத இரத்தம்

“என்னட்டை ஒரு சொட்டும் எடுக்கேலாது” என்றாள் உதயகலா.

ஆஸ்பத்திரி இரத்த வங்கி வாசலில் கனகாம்பிகை அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றாள். மேல்மாடியில் கனகாம்பிகையின் மகன் தேனுஜன் டெங்குக் காய்ச்சலில் இரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஓ நெகட்டிவ் இரத்தம் கையிருப்பில் இல்லை, பட்டியலில் உள்ளவர்களுக்குப் போன் எடுத்திருக்கிறோம் என்று தாதி சொல்லியிருந்தாள். இறங்கி வந்து பார்த்தால், வாங்குப் பலகையில் உதயகலா இருக்கிறாள்.

பத்து வருசத்துக்கு முன் தேனுஜனுக்குப் பேசி முற்றாக்கிய பெண் அவள். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, அவளுக்கு நெகட்டிவ் இரத்தம் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். நெல்லியடிச் சந்தையில் நாலு பேர் கேட்க, கனகாம்பிகை சொன்னாள்:

“உவளின்ரை இரத்தம் கூடாது. முதல் பிள்ளை தப்பினாலும் அடுத்தது வயித்திலை நிக்காது.”

கலியாணம் நின்றது. மகனின் இரத்தத்தை மட்டும் ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை; மாப்பிள்ளையின் இரத்தத்தை எவர் கேட்கிறார்கள்? அவனுக்கும் நெகட்டிவ்தான், இரண்டு பேரும் நெகட்டிவ் என்றால் பிள்ளைக்கு அந்தப் பயமே இல்லை என்பது கனகாம்பிகைக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

தேனுஜனுக்கு டெங்கு இது இரண்டாம் தரம். முதல்தரம் தப்பவிட்ட உடம்பு அடுத்த தரம் தன்னையே அடிக்கக்கூடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். சந்தையில் தான் சொன்ன பேச்சு தன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டதென்று கனகாம்பிகை நினைத்தாள்.

வரும்போது பஸ்ஸில் உதயகலாவுக்கு இரண்டு தரம் குமட்டியது. கனகாம்பிகையின் முகத்தை மறுபடி பார்க்கப் போகிறோம் என்றால் யாருக்கும் குமட்டும்தான். ஆனாலும் வந்தாள். பத்து வருசம் காத்திருந்தவள் இந்த நாளை விடுவாளா?

கனகாம்பிகை அழுதாள். செய்தது பெரும் பாவம் என்றாள். காலில் விழுகிறேன் என்று சொல்லி உண்மையாகவே குனிந்தாள். உதயகலா தடுக்கவில்லை. அவசரப்படாமல், ஆறுதலாக இருந்து பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பிறகுதான் சொன்னாள். பட்டியலில் இருப்பது அவளின் அண்ணை சிவகரனின் பெயர். அவனுக்கும் அதே கூடாத இரத்தம்தான். தேனுஜனுக்கு என்று அறிந்து வரமாட்டேன் என்று நின்றவனை இழுத்து வந்தது அவள். உள்ளே கட்டிலில் படுத்து அவன் இப்போது இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

கனகாம்பிகை கண்ணைத் துடைத்தாள். ஒருவரின் இரத்தம் போதாது என்று டொக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

“அப்ப நீயும் தரலாம்தானே, பிள்ளை? இன்னும் கோவமே?”

“கோவம் இல்லையெண்டு சொல்லமாட்டன், மாமி. ஆனால் பிள்ளைத்தாச்சியளிட்டை இரத்தம் எடுக்க மாட்டினம். எனக்கு இது மூண்டாவது.”