திரையில் ஒரு காக்கை

ஒரு காக்கையைக் கதாநாயகியாக வைத்துத் தொடர் வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மின்கம்பத்துக் காக்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன்னைப் போல ஒருத்தியை ஒரே ஒரு தடவை திரையில் பார்த்துவிட வேண்டும். சாயங்காலமே புளியமரத்துக்குப் பறந்து வந்தது. அங்கே கொக்குகள் வரிசையாக உட்கார்ந்து, எதிர்வீட்டு ஜன்னல் வழியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தன.

“வாம்மா, உங்க கஷ்டத்தை நினைச்சுத்தான் தினமும் அழறோம்” என்றது மூத்த கொக்கு. “காக்கைக்கும் இடம் குடுங்கன்னு எவ்வளவு சண்டை போட்டோம் தெரியுமா?”

திரையில் மழை பிடித்துக்கொண்டது. நாயகி நனைய நனைய இறக்கையிலிருந்து கரி வழிந்தது. உள்ளே பளீரென்று வெள்ளை தெரிந்தது.

“அக்கா, இது கொக்கு இல்ல?”

“அதனாலென்ன? உருகி உருகி நடிக்கிறா பாரு! நிஜக் காக்கையை யாரு தினமும் உட்கார்ந்து பார்ப்பா?” என்று மூத்த கொக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. “கொஞ்சம் தள்ளி உட்காரும்மா, மறைக்குது.”

காக்கை தள்ளி உட்கார்ந்தது. அங்கிருந்து எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. காக்கைகளுக்காகக் கொக்குகள் விம்மி அழுவது மட்டும் நன்றாகக் கேட்டது.