கண்ணாடி சீனுக்கு என்ன நிறம்?

"கையெழுத்துப் போட மாட்டியா?"

ஆம்ப்ரோஸுக்குக் கோபத்தில் காது மடல் சிவந்துவிட்டது. ஹாலிவுட்டில் நாற்பது வருஷம் கேமராவைக் கட்டி மேய்த்த மனிதர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் பூசும் கூத்து இந்த 1987-இல் ஊரெல்லாம் பரவ, அதைத் தடுக்க மனு எழுதிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

டைரக்டர்கள் போட்டார்கள். நடிகர்கள் போட்டார்கள். அவர் கேமரா முன்னால் கதாநாயகியாக ஜொலித்த டெல்ஃபீன் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"போட மாட்டேன், ஆம்ப்ரோஸ். நம்ம படத்தை வாங்கின கம்பெனிக்காரங்க வந்தாங்க. கலர்ல வெளியிடற அன்னிக்கு நான் மேடையில வந்து நிக்கணுமாம். வரேன், ஆனா கண்ணாடி சீனுக்கு நான் சொல்ற நிறம்தான்னேன். சரின்னுட்டாங்க."

"கண்ணாடி சீனுக்கா? அடிப்பாவி!"

அந்த சீன் ஆம்ப்ரோஸின் உயிர். எஜமானியாக டெல்ஃபீன் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். வேலைக்காரி பின்னால் நின்று தலை வாரிவிடுவாள். எஜமானி முகத்தில் வெளிச்சம் வழியும், வேலைக்காரி முகம் பாதி இருட்டில் கிடக்கும். சினிமா படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் அது பாடம். யாராவது கை குலுக்கினால் போதும், குலுக்கின கையை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பற்றித்தான் பேசுவார்.

"இந்த வயசுல உன் உதட்டுச் சாயம் சிவப்பாத் தெரியணும்னு ஆசையா? நல்லா இரு தாயே!"

"கலர் பூசற இடத்துக்கு இப்பத்தான் கிளம்பறேன். நீயும் வாய்யா. வந்து நேர்லயே திட்டு."

போனார். திட்டுகிற வாய்ப்பை அவர் விடுவாரா? காரில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"உன் கவுன் என்ன நிறம்னு அவங்களுக்குத் தெரியுமா? சுத்த வெள்ளை கேமராவுல கண்ணைக் கூசும்னு டீத்தண்ணியில முக்கி எடுத்தோம். இவங்க பளபளன்னு வெள்ளை அடிப்பாங்க. பொய்!"

"கறுப்பு வெள்ளைன்னா இந்தக் காலத்துப் பசங்க சேனலை மாத்திடறாங்களே? கலர் இருந்தா நின்னு பாப்பாங்க."

"பொய்யை நின்னு பாத்து என்ன ஆகப் போகுது? நிழலை வச்சு நான் சொன்ன உண்மை போயிடுமே!"

டெல்ஃபீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே கம்ப்யூட்டரில் கலர் பூசும் பெண் மார்சி எழுந்து நின்று இருவருக்கும் நாற்காலி போட்டாள். திரையில் கண்ணாடி சீன் உறைந்து நின்றது. எஜமானிக்கு ரோஜா நிறக் கன்னம். வேலைக்காரிக்கு அடர்ந்த பழுப்பு முகம். கவுன், ஆம்ப்ரோஸ் சொன்னபடியே பளீர் வெள்ளை.

"பொம்மைக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார் ஆம்ப்ரோஸ்.

"கவுனை மாத்தணுமா, மேடம்?" என்றாள் மார்சி.

"கவுன் எப்படியோ போகட்டும். அந்த வேலைக்காரி முகத்துல ஏன் இவ்வளவு பழுப்பு?"

"படத்துல அவ்வளவு கறுப்பாத்தானே தெரியறாங்க, மேடம்?"

ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது அவ நிறம் இல்லம்மா. கறுப்பினப் பொண்ணுதான், ஆனா வெளுத்த தோல். கறுப்பினத்தாருக்கு வேலைக்காரி வேஷம் தவிர எதுவும் தராத காலம். அதுக்கும் இவ நிறம் பத்தாதுன்னு ஸ்டுடியோவுல மை பூசச் சொன்னாங்க. பூசினோம். இருட்டுல வேற நிறுத்தினேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே என்னவோ போலிருந்தது. இத்தனை வருஷம் அந்த சீனைப் பற்றிப் பேசியவர், இதை மட்டும் எவரிடமும் பேசியதில்லை.

"அவ பேராவது ஞாபகம் இருக்கா?" டெல்ஃபீன் கேட்டாள்.

ஆம்ப்ரோஸ் யோசித்துப் பார்த்தார். வரவில்லை.

"ஓடெட். படத்துல பேர் போடல, உனக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ படத்துல எனக்குப் பின்னாடி நின்னு தலை வாரிவிட்டா. அவ ஒரு வார்த்தை வாய் தெறந்திருந்தா அன்னிக்கே என் பொழப்பு முடிஞ்சிருக்கும். தெறக்கவே இல்லை. போன மாசம் போயிட்டா."

"என்ன வார்த்தை?" என்றார் ஆம்ப்ரோஸ்.

டெல்ஃபீன் திரையில் தெரிந்த ஓடெட்டின் முகத்தையே பார்த்தாள். மார்சிதான் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அவங்க நிஜ நிறம் எப்படி இருக்கும், மேடம்? பாத்துப் பூச போட்டோ ஏதாவது இருக்கா?"

டெல்ஃபீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, திரையின் பக்கத்தில் கையை நீட்டினாள்.

"இதைப் பாத்துப் பூசு. எனக்கும் இதே நிறத்தைப் போடு. அவ என் கூடப் பொறந்த அக்கா. அவ கறுப்பினம்னா நானும் கறுப்பினம்தான், வெள்ளைக்காரின்னு நடிச்சுத்தான் கதாநாயகி ஆனேன். அதை ஊரறியச் சொல்லத்தான் அந்த மேடைக்கே போறேன்!"