டிரெசர் ஒப்புக்கொண்ட தப்பு

“என் தங்கச்சி தாலியை அறுத்த ஆளு நீங்கதானா?”

பிச்சைமுத்து போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி ஊசி போடும் டிரெசர் சந்திரசேகரன் ஊசியைக் கொதிநீரிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

பிச்சைமுத்துவின் பின்னால் நவமணி நின்றாள். வெள்ளைப் புடவை, முந்தானையைக் கழுத்துவரை இழுத்துச் சுற்றியிருந்தாள்.

“வேணாம் அண்ணே, வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள்.

“நீ சும்மா இரு. நீ கேக்க மாட்டே, அதான் நான் வந்திருக்கேன்.”

அவள் புருஷன் வேலுவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். காய்ச்சல் கண்டதால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தேறியதும் சயாம்தான்; அங்கே போனவர்கள் திரும்பி வந்ததில்லை. தேறுவதற்குள் செத்துப்போனான். காலரா என்று சொல்லி, முகத்தைக்கூடக் காட்டாமல் புதைத்துவிட்டார்கள்.

“காலராவாம், காலரா! பக்கத்துக் கட்டில் ஷேக் அலாவுதீன் பாயைக் கேட்டுட்டேன் லா. சாயங்காலம் கஞ்சி வாங்கிக் குடிச்சானாம். சப்புன்னு இருக்கு, உப்புப் போடுன்னு சண்டை வேற பிடிச்சானாம். அப்புறம் நீங்க ஒரு ஊசி போட்டீங்க. ஆளு அசையலை. தூக்கிட்டுப் போயிட்டீங்க. காலரா கண்டவன் உப்புக்கா சண்டை போடுவான்?”

டிரெசர் குனிந்து கொதிநீரிலிருந்து ஊசியை எடுக்கப் போனார்.

“பேச மாட்டீங்களா? இருங்க. பெரிய டாக்டர் ஜப்பான்காரர்கிட்டயே போறேன். குழியைத் தோண்டிப் பார்க்கச் சொல்றேன்!”

“தோண்ட வேணாம்.” டிரெசரின் முகம் வெளுத்தது. “காலரா இல்லை. மருந்து மாறிப் போச்சு. தப்பு என்னோடதுதான்.”

“கேட்டியா நவமணி? அவர் வாயாலேயே வந்துடுச்சு! இதை அந்த ஜப்பான்காரர்கிட்ட வந்து சொல்லுவீங்களா? தலையை எடுத்துடுவான், தெரியும்ல?”

“தெரியும். சொல்றேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

பிச்சைமுத்துவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

நவமணி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். டிரெசரின் காலில் விழுந்து எழுந்தாள்.

“உன்கிட்ட சொன்னா பாசார் முழுக்கத் தெரிஞ்சிடும்னுதான் சொல்லலை அண்ணே” என்றவள், ரவிக்கைக்குள்ளிருந்து தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள். காலையில் பூசிய மஞ்சள் இன்னும் ஈரம் காயவில்லை.

“என் வீட்டுக்காரரு தாசேக் கெலுகோர் காட்டுல மரவள்ளி நட்டுக்கிட்டு இருக்காரு. இவரு கொன்னதாலதான் அண்ணே, அவரு உயிரோட இருக்காரு.”