பின்சீட்டுக் கதவு

"பின்கதவ சாத்திட்டா, உள்ளுக்கு இருக்கிறவங்களால தெறக்க முடியுமாங்க நானா?"

ஸியாமுக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. ருவான்வெல்லையில் வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்த தன் பழைய ஜீப்பை இன்றைக்காவது யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்றிருந்தார் அவர். எஞ்சின், கிளட்ச், புகை என்று யார் எதைக் கேட்டாலும் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது. இப்படி ஒரு கேள்வியை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

"சைல்ட் லொக் இருக்கு. கதவு ஓரத்துல உள்ள அந்தச் சின்ன பட்டனத் தள்ளிவிட்டா உள்ளே இருந்து தெறக்க ஏலாது. எங்கட புள்ளைகள் சின்னதா இருக்கக்குள்ள போட்டு வெச்சது" என்றார்.

'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டவன் தேவதாசன். மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். கூட வந்திருந்த மனைவி ரோசம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்து மிச்சம் பிடித்த காசில்தான் வண்டி வாங்க வந்திருந்தார்கள்.

"ஏறு, பாப்பம்" என்றான் தேவதாசன். அவள் பின்சீட்டில் ஏறியதும் பட்டனைத் தள்ளிக் கதவைச் சாத்தினான். உள்ளே இருந்து அவள் இழுத்தாள், தோளால் முட்டினாள், காலால் உதைத்தும் பார்த்தாள். கதவு அசையவில்லை.

"நல்லா இருக்கு" என்றான் அவன். இறங்கி வந்த அவளும் தலையாட்டினாள். இருவர் முகத்திலும் சிரிப்பே இல்லை.

ஸியாமுக்கு என்னவோ போல் இருந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "எஞ்சின ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன். கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு புடிக்கும், உண்மையச் சொல்லோணும்."

"பரவாயில்லைங்க. தோட்டம் வரைக்கும் ஒரு தடவ ஓடுனா போதும்."

"அதுக்குப் பொறகு?"

தேவதாசன் வண்டியின் பின்பக்கம் போனான். பின்சீட்டை மடித்துவிட்டு ஏறி நீட்டிப் படுத்தான். "நாலு பேரு படுக்கலாம்" என்று உள்ளே இருந்தே சொன்னான்.

"தாராளமா. ரெண்டு சின்னதுதானே" என்றாள் ரோசம்மா.

ஸியாமுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் நினைவு வந்தது. போன வருஷம் அவர் தன் வேனைப் பேர் மாற்றாமலே விற்றார். வாங்கியவன் அதில் ஒரு பிள்ளையைக் கடத்திக்கொண்டு போனான். பொலிஸ் வந்தது வண்டிப் புத்தகத்தில் பேர் இருந்தவரைத் தேடி. ரிமாண்டில் கிடந்துவிட்டு வந்த மனுஷன் இன்றைக்கும் வாசல் மணி அடித்தால் பின்பக்கம் போய் நிற்கிறார்.

"பேர் மாத்துற வேலைய நாளைக்கே செஞ்சிருவம், என்ன?" என்றார் ஸியாம் அவசரமாக.

"அதுக்கு என்னங்க அவசரம்? ரோட்டுக்கே எடுக்க மாட்டோம்." படுத்தபடியே கூரையைத் தட்டிப் பார்த்தான் தேவதாசன். "ஹார்ன் எவ்வளவு தூரம் கேக்குங்க?"

ரோசம்மா நிலைகொள்ளாமல் மேலே பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். "சுருக்கா முடிங்களேன். இன்னைக்கே கொண்டு போயிரணும்" என்றாள்.

ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த ஸியாமின் மனைவி பர்ஸானா அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். குடுக்க வாணாம். பொலிஸுக்குக் கோல் எடுக்கவா?"

"கொஞ்சம் பொறு. ஃபோனக் கையில வெச்சிரு" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குத் திரும்பினார் ஸியாம். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஜீப் விக்கிறதில்ல. நீங்க போங்க."

"ஏங்க நானா, வெல பத்தலியா?"

"வெலையப் பத்தியில்ல." ஸியாம் ஜீப்பின் கதவருகே வந்து நின்றார். "யார உள்ள போட்டுப் பூட்டப் போறீங்க? ரெண்டு சின்னதுன்னு சொன்னீங்களே, அது யாரு? சொல்லாட்டி இப்பவே பொலிஸுக்குப் பேசுவேன்."

தேவதாசன் திருதிருவென்று விழித்தான். பிறகுதான் விஷயம் புரிந்து மெல்ல இறங்கி வந்தான்.

"ஐயோ, எங்க புள்ளைங்கதாங்க. போன மழையில நாங்க குடியிருக்கிற லயத்துல பாதிய மல இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. மிச்சமிருக்கிற காம்பராவுலதான் இருக்கோம். எழும்பிப் போங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க, எங்க போறதுன்னு சொல்லல. மேல கிரவுண்டு இருக்கு, அந்தப் பக்கம் மண் வராது. ஆனா தோட்டத்துக் காணியில ஒரு கம்ப நட்டுக் கொட்டில் போட தொர விட மாட்டாரு. டயர் வச்ச சாமான் நின்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான், இதக் கொண்டு போய் நிப்பாட்டிட்டு, மழ பேஞ்சா இதுலயே படுத்துக்கலாம்னு. திரும்ப மல வெடிக்கிற சத்தம் கேட்டா ஹார்ன் அடிச்சு மத்த சனத்தையும் எழுப்பலாம். எஞ்சின வச்சு நாங்க என்னங்க பண்றது?"

ஸியாம் தலையைக் குனிந்துகொண்டார். இவர்களையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. சாவியை எடுத்து நீட்டினார். ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அப்ப, கதவு ஏன் உள்ளே இருந்து தெறபடக் கூடாது?"

ரோசம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். முதல் தூறல் ஜீப்பின் கூரையில் விழுந்தது.

"அன்னைக்கும் எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடி வந்து சேந்துட்டோங்க" என்றாள் அவள். "மூத்தவதான், பள்ளிக்கூடப் பைய எடுத்துட்டு வந்திர்றேன்னு திரும்பி ஓடுனா."