நாற்பதாவது கையெழுத்து

“நாப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் பாடத்தை இழுத்து மூடிருவேன்னு ஜூன் மாசமே சொன்னேனா இல்லையா, டீச்சர்?”

தலைமையாசிரியர் லட்சுமிகாந்தம் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். காலையிலிருந்து அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. பிரார்த்தனைக்குக்கூட வரவில்லை.

சுகிர்தா டீச்சர் கையிலிருந்த நோட்டுகளை மேசையில் வைத்தாள். பதினோராம் வகுப்புப் பெண்களுக்காக அவள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய பாடத்திட்டம் அது. பெயர், ‘கற்றுக்கொள்வது எப்படி’. தெரியாததைத் தெரியாது என்று கூசாமல் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தப்பாகவாவது செய்து பார்க்க வேண்டும். கடைசியில் ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒன்றை யாருக்காவது சொல்லிக்கொடுத்து, நோட்டில் ‘கற்றவர் கையெழுத்து’ வாங்கி வர வேண்டும். அதுதான் பரீட்சை. நாற்பது பேரும் தேறினால்தான் அடுத்த வருஷமும் இந்தப் பாடம் உண்டு. சாயங்காலத்துக்குள் விருதுநகர் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை போயாக வேண்டும்.

முப்பத்தொன்பது வந்துவிட்டது. அதுவும் எப்படி! ரோஜா, பட்டாசுக் கம்பெனி வேனில் போகிற பதினோரு பெண்களுக்கு செல்போனில் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இப்போது வேனில் பேச்சே இல்லையாம், பக்கத்து சீட்டுக்கும் மெசேஜ்தான். அழகுமீனாவின் அப்பா சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டு தெருவுக்கே ஊற்றியிருக்கிறார். அவள் நோட்டு முழுக்க மஞ்சள் கறை.

பக்கத்தில் நின்ற பாண்டிச்செல்வியின் நோட்டில் மட்டும் கையெழுத்துக் கட்டம் காலி.

“என்னடி இது? சைக்கிள் ஓட்டச் சொல்லிக்குடுத்தேன்னு இம்புட்டு எழுதியிருக்க. கையெழுத்து எங்க?”

“போட மாட்டேங்காக டீச்சர். வெக்கமாம்.”

“யாரு, உங்க அம்மாவா?”

“சொல்ல மாட்டேன் டீச்சர். சத்தியம் பண்ணியிருக்கேன்.”

சுகிர்தா நோட்டைப் புரட்டிச் சத்தமாகவே படித்தாள். “மொத நாள், நேரா வேலியில போய் விட்டாக. மூணாம் நாள், பிரேக் எங்கன இருக்குன்னு கேட்டாக. பத்தாம் நாள், பிடிக்காத பிடிக்காதன்னாக. நான் பிடிக்கவே இல்ல. நேத்து, ரெண்டு கையையும் விட்டுட்டு ‘பாரு, பாரு!’ன்னு கத்துனாக. அப்புறம் விழுந்துட்டாக.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “இம்புட்டு ஆசையாக் கத்துக்கிட்டவுக ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா? இந்த ஒத்தக் கட்டத்தால இத்தனை பிள்ளைக பாடம் போகப் போகுதே!”

லட்சுமிகாந்தம் தொண்டையைச் செருமினார். “ஏ புள்ள, பேசாம உங்க அம்மாட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரேன்.”

“எங்கம்மா சைக்கிள்லதான் சார் தீப்பெட்டிக் கம்பெனிக்கே போகுது. நான் பொறக்கிறதுக்கு முந்தியே ஓட்டத் தெரியும்.”

“பொய்க் கையெழுத்து வாங்கித்தான் இந்தப் பாடம் நடக்கணும்னா வேண்டாம் சார். மூடிருங்க.” சுகிர்தா நோட்டை மேசைமேல் போட்டாள்.

லட்சுமிகாந்தம் கூரையைப் பார்த்தார். பாண்டிச்செல்வியைப் பார்த்தார். பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பச்சை மைப் பேனாவைத் திறந்து, நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டார்.

சுகிர்தா பதறிப்போனாள். “ஐயோ, தப்பான இடத்துல போட்டுட்டீங்களே சார்! தலைமையாசிரியர் கட்டம் கீழ இருக்கு. இது கத்துக்கிட்டவங்க போடுறது!”

“தெரியும் டீச்சர். சரியாத்தான் போட்டிருக்கேன்” என்றவர், மேசையைப் பிடித்து முக்கி முனகி எழுந்து, பேன்ட்டைச் சுருட்டி முழங்காலில் போட்டிருந்த துணிக்கட்டைக் காட்டினார்.

“சத்தியமா நான் சொல்லல சார்!” என்று அலறினாள் பாண்டிச்செல்வி.